கார் வசதி, படகு சிரமம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் வணக்கம். உங்களில் இருவருக்குத் தமிழ் நன்றாக வரும், ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிப்பாள், நான்காமவருக்கு மற்ற மூவரும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அமெரிக்காவில் படித்துவிடுவார்கள். பர்மியத்தில் எழுதினால் நம் மேனேஜர் படித்துவிடுவார். இரண்டு பேரும் படிக்காமல் இருக்க நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே வழி தமிழ்தான். யாங்கூனின் அலோன் துறைமுகக் கிடங்கில் இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பிழைத்த என் அப்பா, வீட்டில் மட்டும் தமிழை விடாமல் பிடித்திருந்தார். காரணம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நம் அலுவலகத்தில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? இங்கே இருந்த பதினொரு வருஷமும் நான் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கம்பெனி, அங்கே உள்ள ஜனங்களுக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டு நிலைமை எப்படி, யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள், ஏன் என்று கேட்கிறது. அவர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகக் கடல் தாண்டி, அலோனில் ஜெனரேட்டர் புகை மணக்கும் நம் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்கிறது. நாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, பேசியவரை ஒரு பெட்டியில் போடுகிறோம். வசதி, சமாளிப்பு, சிரமம். மூன்றே பெட்டிகள். முப்பது கோடிப் பேருக்கு மேல் வாழும் தேசத்துக்கு மூன்று பெட்டி போதும் என்று யாரோ பெரிய படிப்புப் படித்தவர் முடிவு செய்திருக்கிறார்.

ஆக, அமெரிக்கர் எதனால் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதைத் தாகேதாவிலிருந்தும் ஷ்வேப்யிதாவிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற நாம் தீர்மானிக்கிறோம். நம் ஓட்டைப் பற்றிக் கேட்க நமக்கு யாரும் போன் போட்டதில்லை. போட்டாலும் எடுத்திருக்க மாட்டோம், அது வேறு விஷயம்.

பெட்டி போடுவது எப்படி என்று ஒரு வாரம் பயிற்சி கொடுப்பார்கள். அதற்குள் நான் நுழையப்போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு தாளைப் பற்றி. அதை எழுதிய முட்டாள் நான்தான்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அப்போது நான் செக்கர், அதாவது மற்றவர்கள் போட்ட பெட்டி சரிதானா என்று பார்ப்பவள். ஒருநாள் காலை மேனேஜர் என் மேசைக்கு வந்து, ‘டோ’ போட்டு மரியாதையாகக் கூப்பிட்டார்.

“டோ மேரி, ஒவ்வொரு பதிவுக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். யோசித்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி நகரும்? யோசிக்காமல் பெட்டி போடுவதற்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.”

யோசிக்காமல் இருப்பதற்கு வழிமுறை கேட்டால் நான் சும்மா இருப்பேனா? மின்சாரம் போய், கீழே ஜெனரேட்டரைக் கிளப்புவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டு வரிகள். அவற்றில் நான் மிகவும் பெருமைப்பட்ட இரண்டு வரிகள் இவை: சொந்தக் கார் உண்டு என்று சொன்னால், வசதி. சொந்தப் படகு உண்டு என்று சொன்னால், சிரமம்.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் ஒரு காரின் விலை என்ன? அந்தப் பணத்தில் வீடே வாங்கலாம். கார் வைத்திருப்பவர் வந்தால் நாமே ஒதுங்கி வழிவிடுகிறோம். படகு யாரிடம் இருக்கிறது? நான் தாகேதாக்காரி. பசுண்டாங் ஓடையில் சம்பான் படகு தள்ளுகிறவர்களைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். மழையிலும் வெயிலிலும் முதுகு வளைய ஆட்களை அக்கரை சேர்த்து, சாயங்காலம் அரிசிக் கடையில் கால் வீசை அரிசிக்குக் கடன் சொல்கிறவர்கள். படகுள்ளவர் ஏழை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐந்து பேர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஐந்து பேரும் யாங்கூன்காரர்கள்.

அந்த ஐவரில் ஒருத்தி செல்வி, ஆபீஸில் எல்லாருக்கும் மா செல்வி. அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்திருந்தாலும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அப்பா தமிழர், அம்மா பர்மியர், வீடு ஷ்வேப்யிதாவில். அங்கே ஒரு தையல் ஆலையில் நாலு வருஷம் சட்டை தைத்துக்கொண்டே, காதில் போனை மாட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். எங்களில் அவள்தான் வேகம். மதிய இடைவேளையில் மற்றவர்கள் கறியை நடுவில் வைத்துக் கூடி உட்கார்ந்து சாப்பிட, இவள் தன் மூன்றடுக்கு கேரியரை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, வேலை பார்த்தபடியே தனியாகச் சாப்பிட்டு முடிப்பாள். என்ன பொறுப்பு என்று மேனேஜர் மெச்சுவார். மூன்றடுக்கு நிறையக் கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது, கொடுத்துவைத்தவள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தாள் அருமையாக வேலை செய்தது. மூன்றே வாரத்தில் அமெரிக்காவிலிருந்து பாராட்டு வந்தது. அங்கே எங்களுக்கு மேலே ஒரு தம்பி இருந்தார். எப்போது பார்த்தாலும் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தபடி வீடியோவில் வருவார். அவருக்கு மாலை, நமக்குக் காலை. அன்றைக்கு நாற்காலியிலேயே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

யாருமே காணாததைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். வசதியானவர்கள் கோபமாக இருக்கிறார்களாம். வீட்டில் எல்லாம் நிறைந்திருந்தும், நாடு நாசமாகிவிட்டது, எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும் என்கிறார்களாம். ஏழைகளோ பணக்காரர்களின் வரியைக் குறைக்கச் சொல்கிறார்களாம். “இதில் வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லை, எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது” என்றார். ஒரு வேட்பாளரின் ஆட்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துபோனார்களாம். மகிழாமல் என்ன? ஜனங்களுக்குச் சோறு குறையவில்லை, குணம்தான் குறைந்திருக்கிறது என்று ஆராய்ச்சியே சொல்லும்போது, சோற்றைப் பற்றி வாக்குறுதி கொடுக்க வேண்டிய தொல்லை இல்லையே.

எங்களுக்கு ஒரு கேக் வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் செல்வி என்னைக் கூப்பிட்டாள். “ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் கேளுங்களேன். எனக்கு என்னமோ சரியாப் படலை.”

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அம்மாள். குரல் என் வயது. நன்றாகத்தான் இருக்கிறேன், கடவுள் புண்ணியத்தில் கார் இருக்கிறது என்றாள். சீட்டு முழுசாகப் பின்னால் சாயும் என்றாள். ஒரு கடையின் பின்பக்கம் நிறுத்திக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்றாள். யாருக்கு ஓட்டு என்று கேட்டதற்கு, அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவர் நாடு நன்றாக இருக்கிறது, நீயும் நன்றாக இருக்கிறாய் என்கிறார். இன்னொருவர் எல்லாம் கெட்டுப்போச்சு என்கிறார். இரண்டாமவர் வாயைத் திறந்தால் பொய்தான், ஆனால் அந்த ஒன்று மட்டும் நிஜம், அதனால் அவருக்கு என்றாள்.

“தாள்ல காருன்னா வசதின்னு இருக்கு,” என்றாள் செல்வி. “ஆனா இந்த அம்மா காருலயே படுக்கிறாங்களே ஆன்ட்டி. வீடு இல்லைன்னுதானே அர்த்தம்?”

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் சொன்ன பதிலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். “தாள்ல இருக்கிறதைப் போடு. நமக்கு எதுக்கு வம்பு?”

அவள் போட்டாள். பதிவேட்டில் அந்த வரிசையின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் போட்டாள். அதுதான் வழக்கம்.

நான் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். காரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். கார் பழுதானால் வேலை போகும் என்றார் ஒருவர். தவணை கட்டாததால் காரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அழுதார் இன்னொருவர். யோசித்துப் பார்த்தால் எளிமையான விஷயம். அந்த ஊரில் காரும் வீடும் தோட்டமும் உள்ளவர் காரைப் பற்றி ஏன் பேசப்போகிறார்? அதைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்தான் பேசுவார். பிறகு என் படகுக்கார ஏழைகளைக் கேட்டேன். படகு நிறுத்தும் இடத்துக்கு வாடகை ஏற்றிவிட்டார்களாம், அந்த வேதனையில் ஒருவருக்குக் குரல் உடைந்தது. அவருக்கு இரண்டு படகு. என் தாளின்படி இரட்டைச் சிரமம்.

நான்கு நாட்கள் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பென்ஷன் கிடையாது. வீட்டுக்காரர் இறந்து வெகு காலமாயிற்று. தாகேதாவில் வாடகை வீடு, முட்டி வலிக்கு மாத்திரை, இரண்டும் இந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. தாளில் என் பெயர் இல்லை, யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். தைரியம் என்ற சொல்லை இப்படியும் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் நாள் ஓர் அசம்பாவிதம் நடந்தது. அமெரிக்காவில் யாரோ ஒருவர், வேறு வேலை இல்லாமல், ஒரு பதிவைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டார். படகுக்காரருடைய பதிவு. இவரை எப்படி ஏழை என்று போட்டீர்கள், யார் போட்டது என்று கேட்டுக் கடிதம் வந்தது. வரிசையின் ஓரத்தில் செல்வியின் எழுத்துகள் இருந்தன. வேகமாக வேலை செய்தவள் என்பதால் மற்ற வரிசைகளிலும் அவள் எழுத்துகளே அதிகம்.

காலை பதினோரு மணிக்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். என் மேசை அவர் அறை வாசலில்தான். எல்லாம் என் காதில் விழுந்தது. அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். பயந்தவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள்.

“மா செல்வி, தப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். இந்த மாதச் சம்பளத்தை முழுசாகத் தரச் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம்.” பிறகு, பழக்க தோஷத்தில், “அஸின்ப்யே லா?” என்றார்.

சௌகரியந்தானே, எல்லாம் நல்லபடிதானே என்று அர்த்தம். இந்த ஊரில் கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்கிறோம். இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

“ப்யே பாதே, ஸயா,” என்றாள் செல்வி. சௌகரியந்தான் ஐயா.

தாளை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும். தாளில் இருப்பதைப் போடு என்று சொன்னது யார் என்றும் தெரியும். உள்ளே அவள் என் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மேசையில் இருந்த சால்வையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று நான் குனிந்து மேசைக்கடியிலிருந்த கேரியரைத் தூக்கி அவளிடம் கொடுக்கப்போனேன்.

தூக்கியதும் கை தானாக மேலே போனது, கேரியர் அவ்வளவு லேசு. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூன்றடுக்கும் நிறைந்திருக்க வேண்டிய வேளை.

“சாப்பாடு எங்கேடி?”

“கீழ் அடுக்குல இருக்கு ஆன்ட்டி. பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினது போக மிச்சம்.”

“மேல ரெண்டு அடுக்கு?”

“கேரியரை மூணடுக்காத்தானே விக்கிறாங்க,” என்றாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சிரிக்க முயற்சி செய்தாள்.

புருஷன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய் எட்டு மாதமாகத் தகவலே இல்லை என்பதும், தையல் ஆலையில் இனிச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்பதும் அந்த மேசையருகே நின்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவள். தினமும் காலையில் நானே அவளிடம் அஸின்ப்யே லா என்று கேட்டிருக்கிறேன். தினமும் அவளும் ப்யே பாதே என்று சொல்லியிருக்கிறாள். கேரியரைப் பார்த்து நான் அவளை வசதிப் பெட்டியில் போட்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. வெறும் வருத்தம் என்று சொல்லி நழுவ விரும்பவில்லை, அவமானம்தான், காது வரைக்கும் சுட்டது.

“உட்காரு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனேன்.

“இதை எழுதினது நான்.”

“தெரியும் டோ மேரி,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “ஆனால் தாளில் கையெழுத்து இல்லையே. அது உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

கேட்டு வாங்கியவர் அவர் அல்லவா? அவருக்கு ரொம்பவே நல்லது.

“பேனா கொடுங்க,” என்றேன். முதல் எழுத்து மட்டும் போட்டால் யாரோ என்று சொல்லிவிடலாம். அதனால் என் முழுப் பெயரையும், அப்பா பெயரையும், தேதியையும் எழுதினேன். அவர் அந்தத் தாளை, அது தொட்டால் சுடும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை வீடியோவில் தம்பி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார் ஏன் வசதியாயிற்று, படகு ஏன் சிரமமாயிற்று, பசுண்டாங் ஓடை எங்கே இருக்கிறது, எல்லாம். அந்தப் பள்ளிக்கூடச் சமையல்கார அம்மாளைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தி, உண்மையாகவே வருத்தப்பட்டார். மிகவும் நல்ல பிள்ளை.

“நீங்கள் யாருமே இதையெல்லாம் கேட்டுப் பார்க்கவில்லையா?” என்று கேட்டேன்.

“கேட்பதற்குத்தானே உங்களிடம் கொடுக்கிறோம்,” என்றார்.

அறிக்கை ஏற்கெனவே கொடுத்தாயிற்றாம். வேட்பாளரின் ஆட்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்றாம். இப்போது மாற்றினால் குழப்பம் வரும், அதனால் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்ப்பார்களாம். தப்புக்குப் பொறுப்பானவர் பெயர் மட்டும் கோப்புக்கு வேண்டும் என்றார். கொடுத்தேன். செல்வியின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றேன், எடுத்தார்கள், அவளை மறுபடி வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள். என்னைத் தேர்தல் முடியும் வரை இருந்து எல்லாப் பெட்டிகளையும் திருத்திவிட்டுப் போகச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவள் என்று என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தியிருப்பார்கள். நான் பெறவில்லை, அவர்கள் கொடுத்தார்கள்.

தேர்தல் வந்து போயிற்று. எல்லாம் கெட்டுப்போச்சு என்றவர் ஜெயித்தார். முடிவைப் பார்த்து அங்கே தொலைக்காட்சியில் நிபுணர்கள் திகைத்தார்கள். இதை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பத்துத் தடவை சொன்னார். அலோனில் ஹெட்போனை மாட்டியிருந்த ஆறு பேரும் எதிர்பார்த்தோம். கடைக்குப் பின்னால் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த அம்மாளும் எதிர்பார்த்திருப்பாள். அவள் ஓட்டால் அவளுக்கு ஒரு வீடு வந்திருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்குமே இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கே முடிந்திருக்க வேண்டும். தாளைப் பார்க்காதே, குரலைக் கேள், போடுகிற பெட்டிக்கு முழுப் பெயர் எழுது என்று நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். இவ்வளவும் பட்டு நான் திருந்திவிட்டேன் என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். அதற்கு என் கடைசி நாள் இடம் கொடுக்கவில்லை.

நம்முடையது ஆராய்ச்சிக் கம்பெனி அல்லவா, போகிறவரையும் கேள்வி கேட்டுத்தான் அனுப்பும். மேனேஜர் ஒரு படிவத்தை நீட்டினார். உங்கள் வீட்டு நிலைமை எப்படி என்று அதில் ஒரு கேள்வி. கீழே மூன்று பெட்டிகள். நாலு பேர் சுற்றி நின்றார்கள். கையில் மாலையும் பிஸ்கட் டப்பாவும் இருந்தன.

“அஸின்ப்யே லா, டோ மேரி?” என்றார் மேனேஜர்.

அவர் கேட்டு முடிப்பதற்குள், “ப்யே பாதே,” என்றேன். வசதி என்ற பெட்டியில் அழுத்தமாக ஒரு குறி போட்டேன். அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாதவள், பிள்ளைகள் முன்னால் வேறெதைப் போடுவாள்?

படிவத்தைச் செக்கர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் நாற்காலிக்குச் செல்வி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் பேனாவை எடுத்து என் குறியை அடித்தாள். இரண்டு பெட்டி தள்ளி, சிரமம் என்பதில் புதிதாகக் குறி போட்டாள். பிறகு கீழே நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

“முழுப் பேரும் போட்டிருக்கேன் ஆன்ட்டி,” என்றாள்.